சாமராஜ வட்டம், மைசூர்

மைசூர் அரண்மனையின் வடவாயிலுக்கு எதிரே, 1881-இல் ஆங்கிலேயரிடமிருந்து ஆட்சியுரிமையைத் திரும்பப் பெற்ற சாமராஜேந்திர உடையாரின் சலவைக்கற் சிலை கவிகையின் கீழ் விளங்கும் பிரதான சதுக்கம். அவ்வாண்டே பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டி, மக்களின் குரலுக்கு ராஜ்யத்தில் இடந்தந்த திவான் ரங்காசார்லு செங்கற்பட்டு ஜில்லாவிற் பிறந்தவர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அவர் ஞாபகார்த்தமாக 1884-இல் கட்டப்பெற்ற நகர மண்டபமும், நாலாம் கிருஷ்ணராஜ உடையாரது ஆட்சியின் வெள்ளிவிழாவைக் குறிக்க 1927-இல் எழுந்த மணிக்கூண்டும் அண்மையிலேயே உள்ளன. ஹெப்பாள் முதலிய புறநகர்களிலிருந்து பேருந்துகள் வந்தடையும் நகர நிலையம் அடுத்த கிருஷ்ணராஜ வட்டத்தருகே இருக்கிறது. விஜயதசமியன்று அம்பாரி சுமந்த யானையின் பவனி அரண்மனையினின்று புறப்பட்டு, இவ்விரு வட்டங்களையும் கடந்து, சயாஜிராவ் வீதி வழியே பன்னிமண்டபம் சேர்கிறது.