கடை கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால்..? பாக்கிக் கணக்கைக் காப்பாற்றும் வழி!

மீன்சுருட்டி கடைத்தெருவில் உரக்கடையோ, மெடிக்கலோ, ஹார்டுவேர் கடையோ வைத்திருக்கிறீர்களா? கடையில் விலை உயர்ந்தது எது என்று கேட்டால், ஸ்டாக்கைக் காட்டுவீர்கள். ஆனால், 'முந்திரி போட்டதும் கொடுத்துடுறேன்', 'நெல்லு அறுத்ததும் பார்த்துக்கலாம்ணே' என்று வாங்கிப்போனவர்களின் பாக்கிக் கணக்கு இருக்கிறதே, அதுதான் உங்கள் உண்மையான முதல். ஒருகாலத்தில் நீள நோட்டில் இருந்த அந்தக் கணக்கு இப்போது டேலிக்குள் போய்விட்டது.

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். எந்த ஃபைலும் திறக்கவில்லை. 'பணம் கட்டு, சாவி தருகிறோம்' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் நிற்கிறது. இதைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள். ஃபைல்கள் அங்கேயேதான் இருக்கும். ஆனால் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாறியிருக்கும்.

'நம்ம ஊரு கடையை எவன் தேடி வரப்போறான்?' என்று தோன்றும். யாரும் தேடி வருவதில்லை. இணையத்தில் எந்த கம்ப்யூட்டர் திறந்து கிடக்கிறது என்று புரோகிராம்களே சல்லடை போட்டுப் பார்க்கின்றன. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்தின் பொதுத் துறை கம்ப்யூட்டர்களே இப்படி மாட்டின. கேட்ட தொகை 1,950 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சத்துக்குள்தான். ஒரு சின்னக் கடையிடமும் கேட்கக்கூடிய தொகைதானே!

பெரிய இடங்கள் எப்படி மீண்டன என்று பார்த்தால், நமக்கான வழி அதில் இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் முடங்கின. நோயாளி பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பல நாள்களுக்குக் கையெழுத்தில்தான் நடந்தன. கடைசியில், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் தகவல்களை மீட்டார்கள்.

இன்னொன்று, நம் ஊர் கரன்ட் கட்டை நினைவுபடுத்தும் கதை. 2017 ஜூனில் 'நாட்பெட்யா' என்ற தாக்குதல், கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கை உலகம் முழுக்க முடக்கியது. மும்பை ஜே.என்.பி.டி துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினலும் நின்றுபோனது. அந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கை நடத்தும் சர்வர்கள் எல்லாம் அழிந்த நிலையில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. காரணம், அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை! இணைப்பில் இல்லாததால் பிழைத்த அந்த ஒரு பிரதியை வைத்துத்தான் மற்றவற்றைக் கட்டினார்கள். இன்னொரு விஷயம், நாட்பெட்யாவுக்குப் பணம் கட்டியும் ஃபைல் திரும்பவில்லை. திருப்பித் தரும் ஏற்பாடே அதில் கிடையாது.

ஆகவே, 'டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு சார்' என்று உங்கள் பில் போடும் தம்பி சொன்னால் நம்பி உட்காராதீர்கள். அதே கம்ப்யூட்டரில் இருப்பதும், எப்போதும் செருகியே கிடக்கும் பென் டிரைவும் சேர்ந்தே பூட்டப்படும். கூகுள் டிரைவில் தானாக ஏறும்படி வைத்திருந்தால், பூட்டப்பட்ட ஃபைலும் தானாக ஏறிவிடும். பழைய பதிப்பு அங்கே 30 நாள்வரைதான் கிடைக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு சாம்பிராணி போடும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. காப்பி எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டு பீரோவில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ, வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலோ போட்டு, நாலு பேருடைய பாக்கி சரியாக வருகிறதா என்று திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நான் சொல்ல மாட்டேன்.

திருடன் வரும் வாசல்களும் நமக்குத் தெரிந்தவைதான். 'கிராக்' போட்ட சாஃப்ட்வேர், 'இன்வாய்ஸ்' என்று மெயிலில் வரும் ஃபைல், சர்வீஸ்காரர் வசதிக்காகத் திறந்து வைத்துவிட்டுப்போன ரிமோட் டெஸ்க்டாப், எல்லோருக்கும் தெரிந்த எனிடெஸ்க் பாஸ்வேர்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-ல் இன்னும் பில் போடுகிறவர்கள் முதலில் அந்த கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரியுங்கள். பில் போடுகிறவருக்கு அட்மின் அனுமதி வேண்டாம்.

எல்லாம் செய்தும் மாட்டிக்கொண்டால்? முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையை போனில் படமெடுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கை அந்த கம்ப்யூட்டரிலேயே செருகிவிடாதீர்கள், இருப்பதும் போய்விடும். 'ஃபார்மட் அடிச்சுத் தர்றேன்' என்று வருபவரையும் நிறுத்துங்கள். பூட்டப்பட்ட ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, புது டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோல் மற்றவர்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகை ரான்சம்வேருக்கான சாவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்று இல்லாத சாவி பிறகு வரலாம்.

தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதியுங்கள். நிறுவனங்கள் இதுபோன்ற தாக்குதலைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 முதல் விதி.

கணக்கு திரும்பும்வரை கடை ஓட வேண்டுமே! அச்சடித்த பில் புத்தகம் ஒன்று, சப்ளையர்களின் போன் நம்பர், டேலி சீரியல் நம்பர் ஆகியவை காகிதத்தில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி தளத்தில் நீங்கள் ஏற்றிய விற்பனை விவரத்தையும், சப்ளையர் ஏற்றிய கொள்முதல் பில்களையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அங்கே இருக்காது. அதனால் மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை மட்டும் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, பீரோவில் இருக்கும் டிஸ்க்கோடு வைத்துவிடுங்கள். நாலைந்து தாள்தான் வரும்.