ஸ்தில்யாகி: ஒரு திரைப்படமும் ஒரு தலைமுறையும்

பகைவர் சூட்டிய பெயரே ஒரு கூட்டத்தாருக்கு நிலைத்துவிடுவதுண்டு. 1949ஆம் ஆண்டு மொஸ்கோவின் 'குரோக்கொடில்' என்னும் அங்கதச் சஞ்சிகையில் பெல்யாயெவ் என்பார், உடையிலும் நடனத்திலும் புதுமோடி காட்டிய இளைஞனொருவனை எள்ளி நகையாடிக் கட்டுரையொன்று வரைந்தார். அதில் அவர் வழங்கிய 'ஸ்தில்யாகா' என்னும் இகழ்ச்சிச் சொல்லைப் 'பாணிப் பித்தன்' எனத் தமிழாக்கலாம். அதன் பன்மையே வலேரி தொதரோவ்ஸ்கி 2008இல் நெறிப்படுத்திய 'ஸ்தில்யாகி' என்னும் இசைத் திரைப்படத்தின் பெயராயிற்று.

கதை நிகழ்வது 1955இன் மொஸ்கோவில். கதாநாயகன் பெயர் மெல்ஸ்: மாக்ஸ், ஏங்கெல்ஸ், லெனின், ஸ்ராலின் ஆகியோரின் முதலெழுத்துக்களாலான பெயர். கம்யூனிச இளைஞர் கழகமாகிய கொம்சமோலின் உறுப்பினனான அவன், கத்தரிக்கோலுடன் ஸ்தில்யாகிகளின் கூட்டத்தைக் கலைக்கச் சென்று, அங்கு கண்ட பெண்ணொருத்தியால் அவர்களுள் ஒருவனாகின்றான். பெயரின் ஈற்றெழுத்தையும் விடுத்து 'மெல்' ஆகின்றான். குருஷ்சேவ் ஸ்ராலினைக் கண்டித்தது 1956 பெப்ரவரியில், அதுவும் மூடிய அமர்வொன்றில். இவனோ அதற்கு முன்னரே, ஒரு பெண்ணின் பொருட்டு அவரைக் கைவிட்டுவிட்டான்!

இவர்களது எதிர்ப்பு அரசியல் நோக்கில் எழுந்ததன்று. கிளென் மில்லரின் வாத்தியக் குழு தோன்றும் அமெரிக்கப் படத்தைச் சோவியத் அரங்குகளே காட்டியிருந்தன. நாற்பதுகளின் பிற்கூற்றில், மேலைச் சார்புக்கெதிரான இயக்கத்தின் கீழ், அதே ஜாஸ் இசை ஐயத்துக்குரியதாயிற்று. இசைத்தட்டுக் கிடைக்காதவிடத்து, மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்றே படலங்களை வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, அவற்றிற் பாடல்களைப் பதிவுசெய்தனர். வெளிச்சத்திற் பிடித்தால் எவரோ ஒருவரின் விலா எலும்புகள் தெரியும். 'எலும்பின் மேல் இசை' என்றே அதனை அழைத்தனர். இரசனையைக் குற்றமாக்கிய அரசே அதனை அரசியலுமாக்கிற்று என்பது பொருந்தும்.

வரலாற்று மாணவர் இப்படத்திற் குறைகாண்பது எளிது. பாடல்களிற் பல எண்பதுகளின் சோவியத் றொக் இசைக் குழுக்களுடையவை, வெளிப்படையான காலவழு. எனினும், மெல்லைக் கொம்சமோலிலிருந்து விலக்கும் காட்சியில் இவ்வழுவே வலுவாகின்றது. விரிவுரை மண்டபத்தில் ஒரே நிற உடையில் வரிசையாக அமர்ந்த மாணவர், 'நௌற்றிலஸ் பொம்பிலியஸ்' குழுவின் பாடலை ஒரே குரலிற் பாடி அவனைத் தீர்க்கின்றனர். அத்தகைய விலக்கல் பல்கலைக்கழக இடத்தையே பறித்துவிடக் கூடியது. தீர்ப்பளிப்போர் சக மாணவர் என்பதே அதன் கொடுமை. முப்பதாண்டு கழித்தும் அதே அமைப்பின் கீழ் வாழ்ந்தோர் புனைந்த பாடல் இங்கு அந்நியமாக ஒலிக்கவில்லை. மாறாக, உடைகளின் பகட்டையே நான் ஐயுறுவேன். கையாற் தைத்தும் திருத்தியும் உடுத்தோர் இத்துணைப் பளபளப்பாகத் தோன்றியிருத்தல் அரிது. அவர்தம் வறுமையைப் படம் மறைத்துவிடுகின்றது.

இறுதியில், இராசதந்திரியின் மகனாகிய நண்பன் பிரெட் அமெரிக்காவிலிருந்து மீண்டு, அங்கே ஸ்தில்யாகிகள் இல்லை என்கின்றான். மெல் அதை ஏற்க மறுக்கின்றான். அவர்கள் போற்றிய அமெரிக்கா மொஸ்கோவிலேயே புனையப்பட்டது. 1957இல் உலக இளைஞர் விழாவிற்கு 30,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தபோது, மெய்யான மேனாட்டு இளைஞரை மொஸ்கோ நேரிற் கண்டது. அதன்பின் பழைய பாணி மெல்ல மங்கிற்று. படமோ அதனைக் காட்டாது, ஸ்தில்யாகிகள் 'புறோட்வே' என்றழைத்த கோர்க்கி வீதியிலே, பிற்காலத்து இளைஞர் கூட்டங்கள் பலவற்றை அவர்களோடு ஒருங்கே நடக்கவிட்டு முடிகின்றது.