பிள்ளைகள் ஏறிய வலை

கலைக்கூடங்களில் 'தொடாதீர்' என்று எழுதி வைப்பது உலக வழக்கம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டுக் கலைக்கூடம் ஒன்றில் அவ்வழக்கம் ஒருநாள் தளர்ந்தது. தோஷிகோ ஹொரியுச்சி என்னும் நூற்பின்னற் கலைஞர், பல தூளிகளை ஒன்றோடொன்று பிணைத்தாற்போன்ற பெரியதொரு பின்னலை அங்கே தொங்கவிட்டிருந்தார். உள்ளே வந்த இரு குழந்தைகள், இதில் ஏறலாமா என்று கேட்டன. கலைஞர் அஞ்சியவாறே இசைந்தார். குழந்தைகள் ஏறின, வலை அவர்களுடைய எடைக்கேற்ப நீண்டும் அசைந்தும் உயிர்பெற்றது. தம்முடைய கலை யாருக்காக என்னும் வினா அவருள்ளத்தில் எழுந்தது.

டோக்கியோ மாநகரில் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் அருகி வருவதைக் கண்டு அவர் வருந்தினார். விடுமுறை நாள்களில் பூங்காக்களுக்குச் சென்று, பிள்ளைகள் எவ்வாறு விளையாடுகின்றனர் என்று உற்று நோக்கினார். அந்த ஆய்வின் பயனாக, 1979ஆம் ஆண்டில் ஓகினாவாவிலுள்ள தேசியப் பூங்காவில் அவருடைய பெருவலை அமைந்தது. 1981இல் ஹக்கோனே திறந்தவெளிக் கலைக்கூடத்தில் மற்றொன்று எழுந்தது. 2000ஆம் ஆண்டில் ஹொக்கைடோத் தீவின் தக்கினோப் பூங்காவில் வானவில்லின் நிறங்கொண்ட வலை தோன்றியது. இவை கையாற் பின்னப்பட்டவை. அந்தந்த இடத்திற்கென்றே முதலில் சிறிய மாதிரி பின்னப்படும். கட்டுமானப் பொறியாளர் அதனை ஆராய்ந்து, எந்த இழை எவ்வளவு சுமை தாங்கும் என்று கணிப்பார். அதன் பின்னரே பெரிய வலை உருவாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில், ஜெர்மனியில் வேறொரு வழியிலிருந்து வலை பிறந்தது. ஃப்ரை ஓட்டோ என்னும் கட்டடக்கலைஞர் எஃகு வடங்களை வலையாக இழுத்துக் கட்டிப் பெருங்கூரைகள் அமைப்பதில் வல்லவர். 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் ஜெர்மானிய அரங்கும், 1972இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரையும் அவருடைய பெயரை நிலைநிறுத்தின. அவரைப் பற்றி 1965இல் நூல் எழுதிய கொன்ராட் ரோலாண்ட் என்னும் கட்டடக்கலைஞர், கூரைக்கு உதவும் வலை பிள்ளைகளுக்கும் உதவுமன்றோ என்று எண்ணினார். 1970களின் தொடக்கத்தில் பெர்லினில் அவர் வடிவமைத்த முப்பரிமாண வலைகளின் வழிவந்தவையே, நடுவில் கம்பம் நாட்டிக் கூம்பாக விரியும் இன்றைய பூங்கா வலைகள்.

இவ்வமைப்பின் நுட்பம் எளியது. கயிறு இழுத்தால் தாங்கும், அழுத்தினால் துவளும். ஆகவே கம்பம் மேல்நோக்கித் தாங்க, தரையில் ஊன்றிய பிடிகள் கீழ்நோக்கி இழுக்க, இவ்விரண்டிற்கும் இடையே வலை விறைத்து நிற்கிறது. ஒரு பிள்ளை கால் வைத்தால் அச்சுமை பக்கத்துக் கயிறுகளுக்கும் பகிரப்படுகிறது; எதிர்ப்புறத்தில் நிற்கும் பிள்ளைக்கும் அவ்வசைவு தெரிகிறது. இரும்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து கை நழுவினால் தரைதான் எதிர்கொள்ளும். அடுக்கடுக்காகப் பின்னிய வலையிலோ, கீழேயுள்ள கயிறுகள் இடைமறித்து ஏந்தும்.

கண்ணிகளின் அளவில் மிகுந்த கவனம் வேண்டும். உடல் நுழைந்து தலை மட்டும் சிக்கிக்கொள்ளும் துளையே கொடியது. ஆதலால், உடல் நுழையக்கூடிய துளை எதுவும் தலையும் தடையின்றி நுழையும் அளவினதாக இருத்தல் வேண்டும் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. அவற்றின் அளவைகள் 89 மில்லிமீட்டரும் 230 மில்லிமீட்டரும் ஆகும். கயிற்றினுள்ளே எஃகு இழைகளும், புறத்தே பிடிக்கு இதமான செயற்கை நூலும் அமைவது, தொய்வையும் அறுபடுதலையும் குறைத்தற்பொருட்டு.

ஈண்டு ஒரு செய்தியை ஒளிக்காமற் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபொழுது, மாணவன் ஒருவன் பள்ளி வேம்பிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். மறுநாளே தாழ்ந்த கிளைகளையெல்லாம் வெட்டச் செய்தேன். அதற்குப் பின் ஒருவனும் விழவில்லை, ஒருவனும் ஏறவுமில்லை. அன்று என் கடமையை முடித்துவிட்டதாகவே எண்ணினேன். ஹொரியுச்சியின் வரலாற்றைப் படித்தபோதுதான், அஞ்சியும் இசைந்த அவருக்கும், அஞ்சி வெட்டிய எனக்கும் உள்ள வேறுபாடு புலப்பட்டது. அவர் தம் அச்சத்தைப் பொறியாளரிடம் கொண்டு சென்றார். நான் வெட்டுக்கத்தியிடம் கொண்டு சென்றேன்.

நகராட்சிகள் பூங்கா அமைக்கும்பொழுது, வலை வாங்குவதற்கு முன் அங்கு வரும் பிள்ளைகளைச் சில நாள் உற்று நோக்கட்டும். அமைத்த பின் கயிற்றின் தேய்மானத்தையும் பிடிகளின் உறுதியையும் தவறாது சோதிக்கட்டும். 'ஏறலாமா?' என்று கேட்கும் குழந்தைக்கு, 'ஏறு' என்று துணிந்து விடையளிக்கும் தகுதி அப்பொழுது நமக்கு உண்டாகும்.