உயர்த்திய கைகள்



அருப்புக்கோட்டை பக்கம் குல்லூர்சந்தை அகதி முகாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னவன் நான். தீபாவளி வந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுவார்கள்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நம் அமைதிப்படை புகுந்து சுட்டது. மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், "நாங்கள் டாக்டர், நர்ஸ்" என்று சொல்லிக்கொண்டே, செவிலியரோடு கைகளை உயர்த்தியபடி வந்தார். அவரையும் சுட்டார்கள். இறந்த 60-க்கும் மேற்பட்டோரில் 21 பேர் மருத்துவமனை ஊழியர்கள்.

உள்ளிருந்து புலிகள் சுட்டதாகப் படைத்தரப்பு சொன்னது. அப்படியே இருந்தாலும், முதலில் எச்சரித்து அவகாசம் தர வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம்.

இன்று, தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ஆயுதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை பற்றிய கவலையைச் சொன்ன தீர்மானத்தை 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

கண்ணுள்ள மனிதனே உயர்த்திய கையை மதிக்கவில்லை. ஆனால் அவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. இயந்திரம் சுட்டால் யாரை ஏற்றுவது?

ராணுவத்திலும் கணினித் துறையிலும் இருக்கும் என் மாணவர்களே, பதில் எழுதுங்கள்.