புதிய நகரில் குடிபுகும் இடம்

ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குக் குடிபோகும் மனிதன் முதலில் விசாரிப்பது உத்தியோகத்தைப் பற்றி. அடுத்து விசாரிப்பது எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதைப் பற்றி. முதற் கேள்விக்கு விடையளிக்கப் பலர் முன்வருவர். இரண்டாவதற்கோ, ‘நம்மவர் இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்’ என்ற ஒரே விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். சொல்பவர் நல்லெண்ணத்துடனேயே சொல்கிறார். ஆயினும், நம்மவர் அந்தப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் யாது? அவர்களாக விரும்பி அமர்ந்தார்களா? அன்றி, பிறர் அமர்த்திய இடத்தில் இருந்துவிட்டார்களா? சிங்கப்பூருக்கு வந்த தமிழர்களின் குடியிருப்பு வரலாற்றைக் கொண்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்ந்து பார்க்கலாமென்று எண்ணுகிறோம்.

1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபிள்ஸ் துரை இரண்டாம் முறை சிங்கைக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் வந்திறங்கியவர் நாராயண பிள்ளை. நாணயம் பார்க்கும் கணக்கு வேலையில் தொடங்கி, பின் செங்கற்சூளை வைத்து, துணிக்கடையும் நடத்திய இவர், வந்த சில ஆண்டுகளுக்குள் இங்குள்ள தமிழருக்குத் தலைவர்போல் விளங்கினார். அன்று இது பெரிய நகரமன்று. 1824-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மொத்த ஜனத்தொகையே 10,683 தான். அவர்களுள் இந்தியர் 756 பேர். இத்தனை சிறிய தொகையினருக்கும் எங்கே இடம் கொடுப்பதென்று கம்பெனியார் காகிதத்தில் கோடு கிழித்து வைத்தார்கள் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

1822-ஆம் ஆண்டின் இறுதியில் இராபிள்ஸ் ஒரு கமிட்டியை நியமித்து, நகரை இனவாரியாகப் பகுக்கும்படி கட்டளையிட்டார். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் ஐரோப்பியருக்கு ஒரு பாகம், சீனருக்கு ஆற்றின் தென்கரையில் ஒரு பாகம், அராபியருக்கும் புகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம் பக்கம் என்று ஒதுக்கப்பட்டன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோருக்கு, ஆற்றின் மேற்போக்கில், சீனர் பகுதிக்கும் அப்பால், ‘சூலியா கம்பம்’ என்று ஓர் இடம் குறிக்கப்பட்டது. கடைத்தெருவுக்கும் கப்பல் துறைக்கும் எட்டவிருந்த அந்த ஈர நிலத்தை எவர் விரும்புவர்? தொங்கானில் சரக்கேற்றி இறக்கிப் பிழைத்தவனுக்கு ஆற்றின் முகத்துவாரமே பிழைப்பு. வட்டிக்குப் பணம் கொடுப்பவனுக்கு வர்த்தகர் நடமாடும் தெருவே பிழைப்பு. ஆகவே படம் ஒருபுறம் இருக்க, ஜனங்கள் வேறுபுறம் போயினர். இன்றும் தமிழ் முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசலான ஜாமியா பள்ளி சவுத் பிரிட்ஜ் சாலையிலும், நாகூர் தர்கா தெலோக் ஆயர் தெருவிலும் நிற்கின்றன. இரண்டுமே 1830-ஐ ஒட்டிய காலத்தவை. இரண்டுமே படத்தில் சீனருக்கென்று விடப்பட்ட பகுதியில் உள்ளவை. படம் வரைந்தவர் பெயரைக் காட்டிலும் நடந்து சென்றவர் கால்களுக்கே இவ்விஷயத்தில் நாம் அதிக மதிப்புக் கொடுக்கிறோம்.

இனி நாராயண பிள்ளையிடம் திரும்புவோம். இந்துக்களுக்கு ஒரு கோயில் வேண்டுமென்று அவர் கேட்டபோது, முதலில் தெலோக் ஆயர் தெருவில் இடம் கொடுக்கப்பட்டது. ‘ஆயர்’ என்றால் மலாய் மொழியில் தண்ணீர். பெயரில் தண்ணீர் இருந்ததேயன்றி, வழிபாட்டுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அந்தக் கடற்கரையில் இல்லை. வேண்டாமென்று மறுத்தார்கள். 1821-இல் ஸ்டாம்போர்டு வாய்க்கால் அருகே வேறோர் இடம் கொடுக்கப்பட்டது. அது புதிய நகரப் படத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவதாக, 1823-இல், சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக மாரியம்மன் கோயில் எழுந்தது. 1843-இல் செங்கல் கட்டடமாயிற்று.

கோயிலைப் பற்றி இங்கே நாம் பேசுவது பக்தியை முன்னிட்டன்று. புதிய நகரில் கால் வைத்த ஒரு கூட்டத்தார் ‘இந்த இடம் எங்களுக்கு உதவாது’ என்று சர்க்காரிடம் சொல்லி, அதற்குத் தண்ணீரைக் காரணமாகக் காட்டியது நமக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. அக்காலத்தில் வீடு பார்ப்போனுக்குக் கிணறே முதற் பரீட்சை. தான் கிம் செங் என்னும் சீன வர்த்தகர் நகருக்குத் தண்ணீர் கொண்டுவரவென்று 13,000 வெள்ளி கொடுத்தது 1857-இல். ஆனால் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியதோ 1878-இல்தான். இடையிட்ட அந்த இருபது ஆண்டுகளிலும் ஏழைகள் கிணற்றையும் மாட்டுவண்டித் தண்ணீரையுமே நம்பியிருந்தனர். செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் தொழில் நடத்திக்கொண்டே, 1859-இல் தண்டாயுதபாணி கோயிலைத் தூரத்துத் தேங்க் சாலையில் எழுப்பினார்கள். குன்றிலிருந்து வடியும் நல்ல நீர்க் குளம் அங்கிருந்ததே அதற்குக் காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மாரியம்மன் கோயில் இன்னொரு காரியமும் செய்தது. கப்பலிலிருந்து இறங்கி, வேலையும் வீடும் கிடைக்காதவர்கள், கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். வந்த அன்றே தெருவைத் தேர்ந்துகொள்ளும்படி எவரும் அவர்களை நெருக்கவில்லை. கையில் காசில்லாதவனுக்குச் சில நாள் அவகாசத்தைக் காட்டிலும் பெரிய உதவி வேறு இருக்க முடியுமா? அவகாசம் இல்லாதவன் முதலில் கண்ட மூலையில் முடங்குவான். முடங்கிய மூலையே பிறகு அவன் ஊர் ஆகிவிடும்.

மார்க்கெட் தெருச் செட்டியார்கள் இருந்த முறை வேறு. அவர்களுடைய கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். பகலில் பெட்டியின் முன் அமர்ந்து கணக்கு எழுதுவர். இரவில் அந்த இடத்திலேயே படுத்துறங்குவர். சில ஆண்டுத் தவணைக்கு வரும் ஏஜெண்டு, தவணை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார். மனைவி மக்கள் செட்டிநாட்டில். இவர்களுக்கு இது தொழிற்களம். வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. ஆதலால் அண்டை அயல் எப்படி என்ற கேள்வி அவர்களுக்கு எழவேயில்லை.

தமிழர் நகரில் வேரூன்றிய இடம் என்று சொல்லத் தக்கது சிராங்கூன் சாலையே. அதற்கு அழகான காரணம் ஒன்றும் இல்லை. அங்கே சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் இருந்தன. ஆதலால் நம்மவர் அதைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் செங்கல் அறுத்தது அங்கே. அக்கைதிகளே 1856 முதல் 1861 வரை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் உட்சுவர்ப் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்த சென்னைப் பூச்சு முறையைக் கையாண்டார்கள். 1873-இல் கைதி முறை ஒழிந்தபின் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினர்.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் புல்லும் தண்ணீரும் தாராளமாக இருந்ததால் மாட்டு வியாபாரம் பெருகிற்று. மாடு இருந்தால் பால்காரர் வருவர், வண்டிக்காரர் வருவர், எண்ணெய்ச் செக்கும் மாவு அரைக்கும் ஆலையும் வரும். மாட்டுக் கொட்டிலின் நாற்றத்தை எண்ணி மூக்கைப் பிடித்தவர்கள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். மூக்கைப் பிடிக்கும் வசதி இல்லாதவர்கள் தங்கினார்கள். 1855-இல் பெருமாள் கோயிலும், 1881-இல் வீரமாகாளியம்மன் கோயிலும் அச்சாலையில் ஏற்பட்டன. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ப் பெயரே அவ்வட்டாரத்துக்கு நிலைத்தது.

ஆடவர் மட்டும் வந்து பிழைத்த காலத்தில் பாயும் பானையும் வைக்க இடமிருந்தால் போதும். பெண்டிர் வந்தபின் கேள்விகள் மாறின: சந்தை எவ்வளவு தூரம்? குழந்தை படிக்கப் பள்ளி உண்டா? பிரசவத்துக்கு எங்கே போவது? தேக்காவில் சந்தைக் கட்டடம் 1915-இல் எழுந்தது. எருமைத் தொழுவத்தின் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி 1924-இல் பிரசவ ஆஸ்பத்திரியாக மாறிற்று. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. சிங்கை மக்களில் எத்தனையோ பேருடைய பிறப்புப் பத்திரத்தில் தொழுவம் இடம்பெற்றிருப்பதை எண்ணினால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஒருவகைப் பெருமிதமும் உண்டாகிறது.

குடும்பத்தோடு வந்தோருள் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களைத் தனியே சொல்ல வேண்டும். ஆடவர் மட்டும் வருவதே வழக்கமாயிருந்த நாளில், இவர்கள் பெண்டு பிள்ளைகளையும் அழைத்துவந்து தஞ்சோங் பகாரில் குடியமர்ந்தனர். 1864-இல் தொடங்கிய கப்பற்பட்டறைக் கம்பெனியால் வளர்ந்த வட்டாரம் அது. கூலி கிடைக்கும் இடத்துக்கு நடந்தே போகலாம். குடும்பம் இருந்ததால் பள்ளியும் வேண்டியதாயிற்று. 1946-இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். ஆனால் துறைமுகத்தை ஒட்டி வாழ்வதில் ஒரு விலையும் இருந்தது. 1941, 1942-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது துறைமுகப் பக்கமும் தாக்கப்பட்டது. வேலைக்கு அருகில் இருந்த வீடு, வெடிகுண்டுக்கும் அருகில் இருந்தது.

இதுவரை கூறியோர் ஓரளவேனும் தேர்ந்துகொண்டவர்கள். தேர்வே இல்லாதவர்களும் இருந்தனர். நகரசபைத் துப்புரவுத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் முதலாளி கட்டிய லயங்களில் வசித்தார்கள். சொந்த நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த கொடுமைக்குத் தப்பி வந்தவன், இங்கே யார் பக்கத்தில் வேண்டுமானாலும் வீடு எடுக்கலாம் என்றுதான் எண்ணினான். சட்டம் அவனைத் தடுக்கவில்லை. சம்பளம் தடுத்தது. ஊர்க்காரன் ஊர்க்காரனையே வேலைக்குச் சேர்த்ததும் தடுத்தது. சேரியின் எல்லைக்கல் கடலில் கரைந்துவிட்டது என்று மேடையில் பேசுவது எளிது; லயத்தின் வரிசையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் அப்படிப் பேச நா எழாது.

செம்பவாங்கின் கதை இதனினும் தெளிவானது. பிரிட்டிஷார் அங்கே கடற்படைத் தளம் அமைத்து, 1938 பிப்ரவரியில் பெரிய கப்பற்பட்டறையைத் திறந்தனர். தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்து, தளத்தார் அளித்த வீடுகளில் வாழ்ந்தனர். வாடகைக் கவலை இல்லை. அண்டை வீட்டார் ஒரே தொழிலாளர். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. 1968 ஜனவரியில், தளத்தை விட்டு விலகப் போவதாக பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது; 1971-இல் விலகிற்று. வேலையை ஒட்டி வந்த வீடு வேலையோடு போயிற்று. குடியுரிமை பெறாதவர்களில் பலர் முதுமையில் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. முப்பது ஆண்டு வாழ்ந்த தெருவில் ஒரு செங்கல்லும் அவர்களுக்குச் சொந்தமில்லை.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டபின் இந்நிலை பெரிதும் மாறிற்று. சாதாரணத் தொழிலாளியும் தவணையில் வீடு வாங்கலாயிற்று. பின்னர் 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இந்தியரும் ஏனையோரும் ஒரு வட்டாரத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், ஒரு கட்டடத்தில் நூற்றுக்குப் பதின்மூவருக்கும் மேற்படலாகாதென்று வரம்பு கட்டப்பட்டது. 2010-இல் இது 12, 15 என்று உயர்த்தப்பட்டது. 1822-இல் இனத்தைப் பிரித்துவைக்கச் சர்க்கார் கோடு கிழித்தது; 1989-இல் இனத்தைக் கலந்துவைக்கச் சர்க்கார் கணக்குப் போட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். பின்னதன் நோக்கம் நல்லது என்றே கருதுகிறோம். ஆனாலும் சீனர் விகிதம் நிறைந்துவிட்ட கட்டடத்தில் வீடு விற்க முற்படும் தமிழர், அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் இறங்கும். நல்ல நோக்கத்தின் செலவைச் சிறு தொகையினர் அதிகமாகத் தாங்குவதை மறைப்பதில் பயனில்லை.

1989 ஜூலையில் சிராங்கூன் சாலை வட்டாரம் ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கப்பட்டது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, குடியிருந்தோரில் பெரும்பாலோர் அதற்கு முன்னும் பின்னுமாகப் புதுநகர்களுக்குப் போய்விட்டனர். பூக்கடையும் நகைக்கடையும் இருக்கின்றன. மாலையில் கடை அடைத்ததும் கடைக்காரர் பலர் ரயிலேறி வீட்டுக்குப் போகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து இப்போது புதிதாய் வரும் கட்டடத் தொழிலாளிக்கு ‘எந்தத் தெருவில் குடியிருப்பது?’ என்ற கேள்வியே இல்லை. நகரின் ஓரங்களிலுள்ள தங்கும் விடுதிகளில் முதலாளி அவனுக்குக் கட்டில் ஒதுக்குகிறார். டாக்டர் சிம்ப்சன் சிங்கையின் நெருக்கமான வீடுகளைப் பார்வையிட்டு 1907-இல் அளித்த அறிக்கையின் பயனாகப் பின்சந்துகள் வெட்டப்பட்டன. வெளிச்சமும் காற்றும் ஏழைக்கும் வேண்டுமென்று அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கு மேற்பட்ட 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, இந்நாட்டில் அவ்வாண்டு பீடிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவ்விடுதிவாசிகளே. ஓர் அறையில் பலர் உறங்கியதே காரணம் என்பதை அறிய டாக்டர் சிம்ப்சன் மறுபடி வரவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குச் சென்றால் அவர்களைக் காணலாம். காய்கறி வாங்குகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், திறந்த புல்வெளியில் ஊர்வாரியாக வட்டமாக அமர்ந்து பேசுகிறார்கள். சுண்ணாம்புக் கம்பத்தில் வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து பேசியதும் அந்த மண்ணில்தான். இரவு ஏறியதும் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.