100 வயதுப் பாட்டி, 30 வயதிலும் அம்மா வீடு... ஒல்லியாக நீளும் பிரிட்டன் குடும்பங்கள்!

பிரிட்டனில் ஒருவருக்கு 100 வயது நிறைந்தால், அரண்மனையிலிருந்து வாழ்த்து அட்டை வீடு தேடி வரும். 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தந்தி அனுப்பித் தொடங்கிவைத்த வழக்கம் இது. 1921-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்தே நூறைத் தொட்டவர்கள் வெறும் 110 பேர்தான். 2021 கணக்கெடுப்பில் அவர்கள் 13,924 பேர். கார்டு அனுப்புற செக்‌ஷனுக்கு இப்போ செம வேலை!

மறுபக்கம், தொட்டில்கள் குறைகின்றன. 1964-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.93 குழந்தைகள். 2024-ல் 1.41. 1938-ல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் மிகக் குறைவு. குழந்தை பெறும் தாயின் சராசரி வயதும் 31-ஐ நெருங்கிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொள்ளுப்பாட்டி, பாட்டி, அம்மா, மகள் என மேலிருந்து கீழே நான்கு தலைமுறை இருக்கும். ஆனால் சித்தி, மாமா, அத்தை, கசின்ஸ் என்று பக்கவாட்டில் தேடினால் ஆளே இருக்காது. சமூகவியலாளர்கள் இதை ‘பீன்போல் குடும்பம்’ என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், முருங்கைக்காய் குடும்பம்!

‘ஹோம்’ல விட்டுடுவாங்களா?

“வெள்ளைக்காரங்க அப்பா, அம்மாவை ஹோம்ல தள்ளிட்டுப் போயிடுவாங்க” என்று நம் ஊரில் ஈஸியாகச் சொல்லிவிடுவோம். உண்மை வேற. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் 65 வயதைத் தாண்டியவர்களில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்கள் சுமார் 2.5 சதவிகிதம். அதாவது, 40 பேரில் ஒருவர். 2011-ல் இது 3.2 சதவிகிதமாக இருந்தது. முதியவர்கள் பெருகியும், இல்லங்களில் இருப்பவர்களின் விகிதம் குறைந்திருக்கிறது.

அப்போ யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். நோய், முதுமை, உடல் குறைபாடு எனக் கஷ்டப்படும் ஒருவரைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு நாடுகளில் மட்டும் சுமார் 50 லட்சம் பேர். அதிலும் 55 முதல் 59 வயதுப் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார். முப்பதுகளில் பிள்ளை பெற்றவர்களும் இவர்களில் உண்டு. மகனுக்குக் காலேஜ் அட்மிஷன் பார்க்கிற அதே வருடம், அம்மாவுக்கு ஞாபகமறதி ஆரம்பிக்கிறது. பங்கு போட்டுக்கொள்ள அக்கா, தம்பி இருந்தால் அதிர்ஷ்டம்.

அரசு உதவி? ‘கேரர்ஸ் அலவன்ஸ்’ இருக்கிறது. வாரம் 35 மணி நேரமாவது ஒருவரைக் கவனித்தால் 83.30 பவுண்டு. இது 2025-26 நிதியாண்டின் கணக்கு. மணிக்கு 2.38 பவுண்டுதான் தேறும்! கூடவே வேலைக்குப் போனால், அந்த நிதியாண்டில் வாரச் சம்பளம் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத் தொகை மொத்தமும் போச்சு. இப்படித் தெரியாமல் வரம்பைத் தாண்டியவர்களிடம், வருடக்கணக்கில் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொன்ன விவகாரம் 2024-ல் பெரிதாக வெடித்தது.

எல்லோரும் கண் வைக்கும் வீடு

உண்மையான டென்ஷன் சொத்தில்தான் இருக்கிறது. அங்கே புற்றுநோய் வந்தால் என்.ஹெச்.எஸ் மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் டிமென்ஷியா வந்து, குளிக்க, சாப்பிட, உடை மாற்ற ஆள் வேண்டும் என்றால் அது ‘சமூகப் பராமரிப்பு’. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். இந்த வரம்பு 2010-லிருந்து மாறவே இல்லை. இல்லத்துக்கு வாரம் 1,000 பவுண்டைத் தாண்டிக் கட்டுவது சகஜம்.

தனியாக இருந்த அம்மா நிரந்தரமாக இல்லத்துக்குப் போனால், அவருடைய வீடும் சொத்துக் கணக்கில் சேரும். கணவரோ, 60 வயதைத் தாண்டிய உறவினரோ அங்கேயே வசித்தால் சேராது. உடனே விற்க முடியாதவர்கள் உள்ளாட்சி நிர்வாகத்திடம் கடன்போல வாங்கி, பிறகு வீட்டை விற்று அடைக்கலாம்.

இதில் கைவைத்த அரசியல்வாதிகள் சூடுபட்டுக்கொண்டார்கள். 2017 தேர்தலில் தெரசா மே, வீட்டிலேயே கவனிப்பு பெறுபவர்களுக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார். ‘டிமென்ஷியா வரி’ என்று எதிர்க்கட்சிகள் பெயர் வைத்தன. சில நாள்களிலேயே பின்வாங்கியும் பெரும்பான்மையை இழந்தார். வாழ்நாள் முழுக்க 86,000 பவுண்டுக்கு மேல் யாரும் கட்ட வேண்டாம் என்று 2021-ல் அறிவித்த திட்டமும் 2024-ல் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்து மட்டும் 2002-லிருந்தே குளிப்பாட்டுவது, உணவூட்டுவது போன்ற தனிநபர் பராமரிப்பை முதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது.

இதே வீட்டின் மாடி ரூமில்தான் பேரனும் இருக்கிறான். 18 வயதில் பிள்ளைகள் பறந்துவிடும் கதையெல்லாம் பழசு. பெற்றோருடன் வாழும் வளர்ந்த பிள்ளைகள் 2021-ல் 49 லட்சம் பேர். பத்தே வருடத்தில் ஏறக்குறைய 15 சதவிகிதம் கூடியிருக்கிறது. வாடகையும் வீட்டு விலையும் அப்படி! சொந்த வீட்டுக்கு முன்பணம் வேண்டும் என்றால் பலருக்கும் இருக்கும் ஒரே வங்கி, ‘பேங்க் ஆஃப் மம் அண்ட் டாட்’. பாட்டியின் பராமரிப்புச் செலவு, அப்பா அம்மாவின் முதுமை, பேரனின் முன்பணம் என மூன்றும் ஒரே வீட்டை நம்பியிருக்கின்றன. அங்கே குடும்பச் சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா என்ன?

பாட்டிக்கும் ஆபீஸ் உண்டு

பேரக்குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வது அங்கேயும் உண்டு. அப்படிப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டியின் பென்ஷன் கணக்கில் அந்தக் காலத்தையும் வரவு வைக்க 2011-லிருந்து வழி இருக்கிறது. அருமையான யோசனை! ஆனால், 2010 வரை பெண்களுக்கு 60-ஆக இருந்த பென்ஷன் வயது 2020-ல் 66 ஆனது. 2028-க்குள் 67 ஆகிறது. பாட்டியே வேலைக்குப் போகும்போது பேரனை யார் தூக்கிவைத்துக்கொள்வது?

பிள்ளைகளே இல்லாதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். இங்கிலாந்து, வேல்ஸில் 30 சதவிகித வீடுகளில் ஒரே ஒருவர்தான் வசிக்கிறார். தனிமைக்கென்றே 2018-ல் ஓர் அமைச்சரை நியமித்த நாடு அது.

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, 2022-ல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா கதவைத் திறந்தார்கள். கேரளா உட்பட இந்தியாவிலிருந்தும் பலர் போனார்கள். 2024 மார்ச்சில், புதிதாக வருபவர்கள் கணவரையோ பிள்ளைகளையோ அழைத்துவரக் கூடாது என்றார்கள். வேறொரு குடும்பத்தின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, உன் குடும்பத்தை விட்டுவிட்டு வா என்று அர்த்தம். 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் “லண்டன் கேர் விசா ரெடி, அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க” என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால், காசைக் கொடுத்துவிடாதீர்கள்.