அனந்தபுரியும் தமிழ்ப் பாட்டும்

நம் சங்கத்தின் விழாக்கள் யாவும் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகின்றன. குழந்தைகள் மேடையில் வரிசையாக நின்று பாட, நாம் அனைவரும் எழுந்து நிற்கின்றோம். அப்பாட்டு தாயகத்திலிருந்து நம்முடன் இங்கு வந்ததென்றே நம்மவரிற் பலர் எண்ணியுள்ளனர். அது இத்திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒருவரால் இயற்றப்பெற்று, இங்கிருந்து தமிழகம் சென்ற பாட்டாகும். அது மட்டுமோ! தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில், நாடெங்கும் மக்கள் முணுமுணுத்த பாடல்களை எழுதிய பெரியாரும் இவ்வூரில் வளர்ந்தவரே. இருப்புப் பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் எளியேன் இசை இலக்கணம் பயின்றவன் அல்லேன். எனினும் மாலை வேளைகளில் பாட்டுக் கேட்பதில் பெருவிருப்பம் உடையவன். அவ்விருப்பம் காரணமாக அறிந்து கொண்ட சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

அரண்மனையும் இசையும்

இவ்வூரின் இசை வரலாறு என்றவுடன் சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரே நினைவுக்கு வரும். 1813ஆம் ஆண்டு பிறந்து, 1829இல் ஆட்சிப் பொறுப்பேற்று, 1846இல் மறைந்த அம்மன்னர், கலைஞர்களுக்குக் கற்பகத் தருவாக விளங்கினார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அவருடைய அவையை அலங்கரித்தார். பிடில் வாத்தியத்தை நம் இசைக்குரியதாக ஆக்கியவர்களுள் அவர் ஒருவர். அவருக்கு மன்னர் 1834இல் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்ததை இசையுலகம் இன்றும் பேசுகின்றது.

நவராத்திரி நாட்களில், பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மீதேறி இவ்வூருக்கு எழுந்தருள்கின்றாள். அத்திருவுருவம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும் தெய்வங்களின் யாத்திரை எல்லையைக் கடந்து இன்றளவும் நடைபெறுகின்றது. கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும், மகாராஜா இயற்றிய ஒன்பது கீர்த்தனங்கள் நாளுக்கொன்றாகப் பாடப்பெறும். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை, அது வழிபாடு.

எனினும் அரண்மனை இசையின் மொழி பெரும்பாலும் வடமொழியும் மணிப்பிரவாளமுமாகவே இருந்தது. தமிழ்ப் பாட்டு இவ்வூரில் வேறோர் இடத்தில், மானியமும் சன்மானமும் இன்றி வளர்ந்தது. அவ்விடம் அலுவல் முடிந்து வீடு திரும்பியவர்களின் திண்ணையும் பஜனைக் கூடமும் ஆகும்.

பேராசிரியர் தந்த வாழ்த்து

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடிய பெ. சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் குடியேறி வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். நம் பிள்ளைகளைப் போலவே அவரும் மலையாள நாட்டில் பிறந்த தமிழ்க் குழந்தை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அவர் கற்பித்தது தத்துவம், தமிழ் அன்று. பாடம் நடத்தியது போக எஞ்சிய நேரத்தில் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். 1891இல் ‘மனோன்மணீயம்’ என்னும் கவிதை நாடகத்தை வெளியிட்டார். அதன் முகப்பிலுள்ள வணக்கப் பாடலின் பகுதியே இன்று நாம் பாடும் வாழ்த்து. 1897இல், நாற்பத்திரண்டு வயதிலேயே அவர் காலமாகி விட்டார். அவர் மறைந்து எழுபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1970இல், தமிழக அரசு அதனை அரசு விழாக்களுக்குரிய பாட்டாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் மெட்டமைத்தார். 2021இல் அது மாநிலப் பாடல் என்னும் சிறப்பையும் பெற்றது.

பஜனையில் வளர்ந்த தமிழ்

அவர் காலத்திலேயே வாழ்ந்த மற்றொருவர் நீலகண்ட சிவன். 1839ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்து நீலகண்ட சுவாமியிடம் உள்ளம் தோய்ந்து, தமிழில் ஏராளமான கீர்த்தனங்களை இயற்றினார். ‘நவசித்தி பெற்றாலும்’ என்னும் கரகரப்பிரியா இராகப் பாட்டும், ‘ஆனந்த நடமாடுவார்’ என்னும் பூர்விகல்யாணி இராகப் பாட்டும் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன.

பஜனையின் சிறப்பு யாதெனில், அதில் பாடுவோர் வேறு, கேட்போர் வேறு என்ற பிரிவு இல்லை. முன்னே ஒருவர் ஓரடியைப் பாடுவார். ஏனையோர் அதனைத் திரும்பப் பாடுவர். குரல் வளம் அற்றவரும் ஜால்ராத் தட்டிக் கூடவே போகலாம். எழுத்தறியாக் குழந்தையும் நான்கு வாரங்களில் பாட்டை மனப்பாடம் செய்துவிடும். புத்தகம் வேண்டுவதில்லை; சம்பளம் வேண்டுவதில்லை. கற்பிக்கிறோம் என்ற எண்ணமே இல்லாது ஒரு மொழியைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அது.

அப்பள்ளிக்கூடத்தின் தலைசிறந்த மாணவரைப் பற்றி இனிக் கூறுவேன்.

இராமையா என்னும் சிறுவன்

1890ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இராமையா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். ஆதரவு தேடிய அன்னை யோகாம்பாள், 1899இல் மக்களை அழைத்துக் கொண்டு திருவனந்தபுரத்திலிருந்த உறவினரிடம் வந்து சேர்ந்தார். அந்நாளில் இவ்வூருக்கு இருப்புப் பாதை இல்லை. முதல் புகைவண்டி வந்ததே 1918ஆம் ஆண்டில்தான். காவிரிக்கரையிலிருந்து இத்துணைத் தொலைவு பிள்ளைகளுடன் வந்த அந்தத் தாயின் துணிவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறு ஆண்டே, 1900இல், நீலகண்ட சிவன் மறைந்தார். ஆகவே சிறுவன் அப்பெரியாரை அறிந்திருக்கக் கூடிய காலம் மிகக் குறைவு. ஆனால் அவர் பாட்டுகள் மறையவில்லை. அவற்றைப் பஜனைகளில் பாடிப் பாடி இராமையா தமதாக்கிக் கொண்டார். இங்கு ஊரார் பேசிய மொழி மலையாளம். அவர் மகாராஜா வடமொழிக் கல்லூரியில் கற்றுத் தேர்ந்ததோ வடமொழி இலக்கணம். தமிழ்ப் பாட்டு அவருக்கு வாய்த்தது வீட்டிலும் பஜனையிலுமே.

1910இல் அன்னையும் மறைந்தபின் அவர் இவ்வூரை விட்டு, தமையனார் வாழ்ந்த பாபநாசத்தை அடைந்தார். திருநீறு பூசிய மேனியுடன் பக்தி மேலிடப் பாடிய இளைஞரை மக்கள் ‘சிவன்’ என்றழைத்தனர். பாபநாசம் சிவன் என்னும் பெயர் அவ்வாறு நிலைத்தது. பின்னர் சென்னை மயிலாப்பூரில், மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பஜனை பாடி வந்தார். திருவனந்தபுரத்துத் தெருவில் பெற்றதை அவர் மயிலை வீதியில் வழங்கினார் எனலாம்.

திரைப்படம் அவரைத் தேடி வந்தது. 1938இல் ‘சேவாசதனம்’, 1941இல் ‘அசோக்குமார்’, 1943இல் ‘சிவகவி’, 1944இல் ‘ஹரிதாஸ்’ எனப் பல படங்களுக்குப் பாட்டெழுதினார். 1939இல் வெளிவந்த ‘தியாக பூமி’யில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலில் அவர் பாடல்கள் நாடெங்கும் பரவின. ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. ‘தமிழ்த் தியாகையர்’ எனப் போற்றப்பெற்ற அவர், 1971இல் ‘சங்கீத கலாநிதி’ விருதையும் 1972இல் ‘பத்மபூஷண்’ விருதையும் பெற்று, 1973இல் மறைந்தார்.

பெண்குரல்

இவ்வரலாற்றில் மகளிர்க்கும் இடமுண்டு. 1939இல் இவ்வூரில் தொடங்கப்பெற்று, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்ட இசைக் கல்விக்கூடத்தில் முதன்முதலில் பயின்ற பெண் பாறசாலை பொன்னம்மாள். நவராத்திரி மண்டபத்திலோ பெண்கள் பாட இடமிருந்ததில்லை. 2006இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அம்மண்டபத்தில் பாடிய முதற் பெண்மணி என்னும் பெருமையை அவரே பெற்றார். காத்திருந்த காலமெல்லாம் அவர் பாட்டை விட்டுவிடவில்லை என்பதே நம் சிறுமியர் கற்க வேண்டிய பாடம்.

நம் கடமை

நம் காலனியில் பாட்டார்வத்திற்குக் குறைவில்லை. பழைய இசைத்தட்டுகளைப் பொன்போற் காப்பவர் உளர். ஆர்மோனியம் வாசிப்பவர் உளர். சமையலறையில் தாலாட்டும் கும்மியும் பாடும் பாட்டிமார் உளர். ஆனால் விழாவுக்குப் பாட வரும் குழந்தைகளின் கையிலுள்ள தாளைப் பார்த்தால் நெஞ்சம் வருந்துகின்றது. பாட்டு தமிழ், எழுதியிருப்பது மலையாள எழுத்தில், அல்லது ஆங்கில எழுத்தில். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளியில் அவர்கள் அவற்றைத்தான் கற்கின்றனர். இராமையாவும் பள்ளியில் வேறு மொழியைத்தான் கற்றார். ஆனால் அவருக்கு மாலையில் ஒரு பஜனை இருந்தது. நம் குழந்தைகளுக்கு மாலையில் என்ன இருக்கின்றது?

ஆகவே எளியேனின் வேண்டுகோள் ஒன்றே. வாரம் ஒரு மாலை, ஒரு வீட்டில், பெரியவரும் சிறியவரும் கூடி ஒரு பாட்டைப் பாடுவோம். பக்திப் பாட்டாயினும் திரைப்பாட்டாயினும் குற்றமில்லை. பாடி முடித்தபின் அப்பாட்டைக் குழந்தை தன் கையால் தமிழ் எழுத்தில் எழுதட்டும். ஓராண்டில் ஐம்பது பாட்டுகள் சேரும், எழுத்தும் கைவரும். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகளை மேடையில் காண்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!